வேகம் கூடினால் நேரம் எவ்வளவு குறையும்?

வேகத்தை 25 சதவீதம் கூட்டினால் பயண நேரம் எத்தனை சதவீதம் குறையும்? "இதென்ன கேள்வி, 25தான்" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது சரியென்றால் வேகத்தை 100 சதவீதம் கூட்டும்போது நேரமும் 100 சதவீதம் குறைய வேண்டும். பேருந்தில் ஏறிய நொடியே இறங்கிவிடலாம்!

கணக்கைப் போட்டே பார்ப்போம். 120 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 180 நிமிடம் ஆகும். வேகம் 25 சதவீதம் கூடி 50 ஆனால் 144 நிமிடம் போதும். மிச்சம் 36 நிமிடம். இது 180இல் 20 சதவீதமே.

தூரம் மாறாதபோது வேகமும் நேரமும் எதிர் விகிதத்தில் மாறுகின்றன. வேகம் 5/4 மடங்கானால் நேரம் 4/5 மடங்காகும். கூடியது நான்கில் ஒரு பங்கு. குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, இப்படிப் பின்னத்தைத் தலைகீழாக்குவதே நமக்கு எளிது. வேகம் 20 சதவீதம் குறைந்தால் நேரம் 25 சதவீதம் கூடும் என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

ஜப்பானில் டோக்கியோவிற்கும் ஒசாகாவிற்கும் இடையே ஷிங்கான்சென் அதிவேக ரயில் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. அப்போது பயண நேரம் 4 மணி. 1965இல் அது 3 மணி 10 நிமிடமாகக் குறைந்தது. அதாவது 240 நிமிடம் 190 ஆயிற்று. நேரம் குறைந்தது ஏறத்தாழ 21 சதவீதம். அதற்காகச் சராசரி வேகம் கூடியதோ ஏறத்தாழ 26 சதவீதம்!

நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து 75க்குத் தாவினால், 10 கிலோமீட்டர் தூரத்தில் அதற்கு லாபம் 2 நிமிடம். ஆனால் பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பௌதிகத்தில் படிக்கிறோம். 5/4ஐ 5/4ஆல் பெருக்கினால் 25/16. அதாவது 56 சதவீதத்திற்கும் மேல் அதிகம். ஆகவே அதே சாலையில், அதே பிரேக்கில், 32 மீட்டரில் நிற்க வேண்டிய பேருந்து 50 மீட்டர் ஓடித்தான் நிற்கும். கூடுதலான 18 மீட்டர் என்பது ஒரு பெரிய பேருந்தின் நீளத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.