கிரிப்டோ நாணயத்தைத் தடை செய்தல் தகுமோ?

பண்டமாற்றினின்று பொற்காசும், பொற்காசினின்று காகித நோட்டும் தோன்றிய வரலாற்றைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். நோட்டுக்குப் பின் வங்கிக் கணக்கும், அதன்பின் கைப்பேசியினாற் பணம் செலுத்தும் முறையும் வந்தன. இவையனைத்திற்கும் பொதுவாகிய இயல்பு ஒன்றுண்டு. ஓர் அரசாங்கமோ ஒரு வங்கியோ பின்னின்று, ‘இதற்கு யாம் பொறுப்பு’ என்று உறுதி கூறும். 2009ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வழங்கத் தொடங்கிய பிட்காயினுக்கோ அத்தகைய பொறுப்பாளர் எவருமிலர். அதனைப் பின்பற்றி எழுந்த பலவும் கிரிப்டோ நாணயம் என்னும் பொதுப்பெயர் பெற்றன. இவை மின்சாரத்தை வீணே விழுங்குவன, கள்வர்க்குத் துணைபோவன. ஆதலின் அரசாங்கங்கள் இவற்றை அறவே தடுத்தல் வேண்டும் என்பார் பலர். இக்கூற்றை நடுநின்று ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண், இந்நாணயம் இயங்குமாற்றை அறிதல் வேண்டும். இது கையிற் கொள்ளும் பொருளன்று. பேரேட்டில் எழுதப்பட்ட வரவே ஆகும். அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் உள்ளன. பிட்காயின் பேரேட்டில் ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை புதியதோர் ஏடு சேரும். அவ்வேட்டை எழுதும் உரிமை யாருக்கு? பூட்டின் எண்ணை மறந்தவன் ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிப் பார்த்தல் போல, போட்டியிடும் பொறிகள் ஓர் எண்ணைத் தேடி இடைவிடாது முயலும். முதலிற் கண்டவர்க்கு எழுதும் உரிமையும் புதிய நாணயமும் பரிசாகும். இதனையே சுரங்கம் தோண்டுதல் என்பர். பொய்க்கணக்கு எழுத விழைவான் ஏனையோர் அனைவரினும் மிகுதியாக மின்சாரம் செலவிடல் வேண்டும் என்பதே அப்பேரேட்டின் காவல். பொறிகள் பெருகப் பெருகப் பூட்டும் தானே கடினமாகும். ஆதலின் சிக்கனமான பொறி வந்தவிடத்தும் செலவு குறைவதில்லை. ஆதாயம் உள்ளவரை பொறிகளே மிகுகின்றன.

அச்செலவு எத்துணை? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பிட்காயின் ஓராண்டில் உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ 13,800 கோடி யூனிட். தமிழ்நாடு முழுமைக்கும் 2023-24ஆம் ஆண்டில் வேண்டியிருந்ததோ 12,600 கோடி யூனிட் அளவினதே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அறிந்தவர்க்கு இவ்வொப்பீட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2008 முதல் சில ஆண்டுகள் நம் மாநிலத்தில் நிலவிய மின்பஞ்சத்தில், லேத்துப் பட்டறைகள் மின்வெட்டின் நேரம் பார்த்து இயங்கின. டீசல் ஜெனரேட்டர் வாங்க இயலாதார் வேலையின்றிக் காத்திருந்தனர். பட்டறைக்கு உரிய மின்சாரத்தை எண் தேடும் பொறி உண்ணுமாயின், அதனை வெறுப்போரை யாம் குறைகூற இயலாது.

எனினும், மின்சாரத்தை உண்ணுதல் ஒன்றே குற்றமாகாது. அதே அம்பத்தூரில் இன்று பெரிய தரவு மையங்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றை மூடுக என்று எவரும் கூறார். எந்நேரத்தில், எவ்விலைக்கு, எவருடைய பங்கைக் குறைத்து உண்கின்றது என்பதே வினா. 2021இல் ஈரான் நாட்டில் மின்வெட்டு மிகுந்தபோது, அந்நாட்டரசு சுரங்கத் தொழிலை நான்கு திங்கள் நிறுத்திவைத்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2022இல், நிலக்கரி முதலியவற்றை எரிக்கும் மின்நிலையங்களைக் கொண்டு நடத்தும் புதிய சுரங்கங்களுக்கு இரண்டாண்டு அனுமதி மறுத்தது. இவை நாணயத்தின் மீது விதித்த தடைகளல்ல. மின்சாரத்தின் மீது வைத்த காவல்களே. மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. ஈதரியம் என்னும் இரண்டாம் பெரிய நாணயம் 2022 செப்டம்பரில் எண் தேடும் போட்டியையே கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைப்போர் ஏடெழுதும் முறைக்கு மாறிற்று. அதன் மின்செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கும் மேலாகக் குறைந்தது. ஆகவே மின்விரயம் இந்நாணயங்கள் அனைத்திற்கும் பிறவிக் குணமன்று. ஒரு முறையின் குணமே.

முழுத்தடையின் பயனைச் சீன நாடு சோதித்துக் காட்டிற்று. 2021இல் அந்நாட்டரசு சுரங்கத் தொழிலையும் நாணய வாணிகத்தையும் அறவே விலக்கிற்று. பொறிகள் அமெரிக்காவிற்கும், அண்டை நாடாகிய கசகஸ்தானத்திற்கும் சென்றன. கசகஸ்தானத்தில் மின் தட்டுப்பாடு தோன்றிற்று. 2022 தொடக்கத்திற் கேம்பிரிட்ஜார் கணித்தபோது, உலகச் சுரங்கத் தொழிலில் ஐந்தில் ஒரு பங்கு சீனத்திலேயே மறைவாக நடந்துகொண்டிருந்தது. தடையினால் தீமை இடம் மாறிற்று. எஞ்சியது இருளிற் புகுந்தது.

இனிக் குற்றத்தைப் பற்றிக் காண்பாம். நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு லாட்டரிச் சீட்டு விலக்கப்பட்டது. சீட்டுக்குக் கடையும் அச்சகமும் வேண்டும். ஆதலின் தெருவோரக் கடைகள் மறைந்தன, பல குடும்பங்கள் பிழைத்தன. ஆயினும் மூன்றிலக்கச் சீட்டு இன்றும் களவாய் விற்கப்பட்டு, விற்போர் பிடிபடுகின்றனர். கடையுள்ள பொருளுக்கே நிலை இதுவாயின், கடையே இல்லாத பொருளைத் தடுத்தல் எங்ஙனம்? மேலும், இந்நாணயத்தின் பேரேடு யாவரும் காணத் திறந்திருப்பது. 2021 மே மாதம் அமெரிக்க எண்ணெய்க்குழாய் நிறுவனமொன்று கணிப்பொறிக் கள்வர்க்கு 75 பிட்காயினைக் கப்பமாகச் செலுத்திற்று. அடுத்த திங்களிலேயே அந்நாட்டுப் புலனாய்வுத் துறையினர் பேரேட்டின் அடிச்சுவட்டைத் தொடர்ந்து 63.7 பிட்காயினை மீட்டனர். ரொக்கப் பணத்திற்கு இத்தகைய சுவடு ஏது?

நம் நாட்டில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இந்நாணய வாணிகர்க்கு வங்கிகள் தொண்டு செய்யலாகாது என ஆணையிட்டது. 2020 மார்ச் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அவ்வங்கிக்கு உண்டு. ஆனால் வங்கிகளுக்கு நேர்ந்த தீங்கு காட்டப்படாமையின் ஆணை அளவிற்கு மிஞ்சியது என்பதே தீர்ப்பின் கருத்து. 2022 முதல் இலாபத்தில் நூற்றுக்கு முப்பது வரியாயிற்று. 2023 மார்ச்சில் நாணயம் மாற்றித் தரும் நிறுவனங்கள் கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. வாடிக்கையாளர் இன்னார் என அறிந்து, ஐயத்திற்குரிய வரவு செலவை அவை அறிவித்தல் வேண்டும். 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் இந்நாணயம் சொத்தாகும் எனக் கூறிற்று. எனினும், வாங்குவோரைக் காக்கும் தனிச்சட்டம் 2025 முடியும்வரை இயற்றப்படவில்லை. வரி கொள்ளும் அரசு காவலும் அளித்தல் கடமையன்றோ?

கள்வன் நாணயத்தை உண்ண இயலாது. ஏமாந்தவரது ரூபாய் நாணயமாகவும், நாணயம் மீண்டும் ரூபாயாகவும் மாறும் வாயில் ஒன்று அவனுக்கு வேண்டும். அவ்வாயில் பெரும்பாலும் எங்குள்ளது? அயல்நாட்டிலன்று, ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ வாழும் ஓர் இளைஞனது வங்கிக் கணக்கில் உள்ளது. ‘உன் கணக்கைச் சில நாள் எமக்குக் கொடு, வரும் பணத்தில் நூற்றுக்கு இத்தனை உனக்கு’ என்று கைப்பேசியிற் செய்தி வரும். ஏட்டு அட்டையையும் சிம் அட்டையையும் கொடுத்தவன், முதியவர் ஒருவரது ஓய்வூதியச் சேமிப்பு தன் கணக்கின் வழியே பறந்ததை அறியான். காவலர் வரும்போது கள்வன் கடல் கடந்திருப்பான். கணக்கிற் பெயருள்ளவனே அகப்படுவான். வேலை என்று நம்பிச் சென்று, மியன்மார் நாட்டு மியாவடியில் மோசடிக் கூடங்களிற் சிக்கி, 2022இல் மீட்கப்பட்டுத் திரும்பிய தமிழ் இளைஞர்களின் துயரமும் நாம் அறிந்ததே.

ஆகவே நாணயத்தை அறவே தடுப்பதினும் இரண்டு வாயில்களைக் காத்தலே சிறந்தது என்பது எம் அபிப்பிராயம். ஒன்று மின்வாயில்: சுரங்கம் தோண்டுவான் முழுவிலை கொடுக்கவும், தட்டுப்பாட்டுக் காலத்தில் முதலில் நிறுத்தவும் கடப்பாடு உடையனாதல் வேண்டும். மற்றொன்று பணவாயில்: மாற்றித் தரும் நிறுவனங்கள் கணக்குக் காட்டவும், இழந்தார்க்கு விடைகூறவும் சட்டம் வேண்டும். தடையோ நேர்மையாளரை அவ்வாயில்களினின்று விரட்டிக் கள்வரை மட்டும் இருளில் விட்டுவைக்கும்.

மாணவ நண்பர்களே, சட்டம் இயற்றுதல் நம் கையில் இல்லை. பணவாயிலின் ஒரு கதவோ நம் கையில் உள்ளது. வங்கிக் கணக்கைப் பிறர்க்கு ஈயாதிருத்தலும், ஏமாந்தவரைக் கண்டால் நாணாது உடனே 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்கச் செய்தலும் நம்மால் இயல்வன. பணம் கைமாறிய முதற் சில மணி நேரத்திற் சொன்னால் அதனைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி. தாமதித்தால் அது நாணயமாக மாறி எல்லை கடந்துவிடும்.