தொழிலாளியின் செவியும் மருத்துவரின் ஏடும்

இராமாநுசர் பிறந்த ஊர் என்று நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர், இன்று தொழிற்சாலைகளாலும் அறியப்படுகின்றது. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்களும், 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் கார்களும் உருவாகத் தொடங்கின. அவற்றைச் சூழ்ந்து உதிரி உறுப்புகள் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. எஃகுத் தகட்டை வெட்டுவதும் வளைப்பதும் ஓசையின்றி நடைபெறக்கூடிய தொழில்கள் அல்ல. அந்த ஓசையினிடையே நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்கும் ஒருவனுடைய செவியைப் பற்றியும், அச்செவிக்காக மருத்துவர் எழுதும் ஏட்டைப் பற்றியும் இங்கே சிறிது சிந்திப்போம்.

உட்செவியில் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புக்கு உணர்த்துபவை அவையே. இடைவிடாத பேரிரைச்சலால் அவை அழிந்துவிட்டால் மீண்டும் தோன்றுவதில்லை. இவ்விழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்சு அளவிலுள்ள உயர்ந்த ஒலிகளிலேயே முதலில் தொடங்குகின்றது. சாதாரணப் பேச்சு அப்போதும் ஓரளவு நன்றாகவே கேட்பதால், தொழிலாளிக்குத் தன் குறை தெரிவதில்லை. “எத்தனை முறை கூப்பிடுவது?” என்று வீட்டிலுள்ளவர்கள் சலித்துக்கொள்ளும் நாளில்தான் தெரிகின்றது. அப்போது காலம் கடந்துவிடுகின்றது.

முன்கூட்டியே அறிய வழி இல்லையா? உண்டு. செவி மருத்துவர் வெவ்வேறு ஒலிகளை எழுப்பி, ஒவ்வொன்றும் எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகின்றது என்று அளந்து குறிக்கின்றார். ஒருவன் வேலையில் சேர்ந்தபோது 2000, 3000, 4000 ஹெர்ட்சுகளில் அவ்வளவின் சராசரி 5 டெசிபல் என்று கொள்வோம். சில ஆண்டுகளுக்குப் பின் அது 15 ஆகின்றது. 15 என்பதைத் தனியே பார்த்தால், “நல்ல செவி” என்று எவரும் சொல்லிவிடுவர். முன்னர் 5 இருந்தது என்று தெரிந்தவருக்கோ அது எச்சரிக்கை. அமெரிக்க நாட்டுத் தொழிற்பாதுகாப்பு விதியும் இம்மூன்று ஒலிகளில் சராசரியாக 10 டெசிபல் மாறுவதையே கவனிக்க வேண்டிய எல்லையாகக் கொண்டுள்ளது. ஆகவே நோயைக் காட்டுவது இன்றைய அளவு மட்டுமன்று. இன்றைய அளவுக்கும் முதல் அளவுக்கும் உள்ள வேற்றுமையே ஆகும்.

அந்த முதல் அளவு எங்கே இருக்கின்றது? இவ்வட்டாரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் ஆலை விட்டு ஆலை மாறுகின்றனர்; வடமாநிலங்களிலிருந்து வந்தோர் ஊர் திரும்புகின்றனர். தாளில் எழுதிய குறிப்போ பழைய ஆலையின் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றது. செவி மட்டும் தொழிலாளியோடு செல்கின்றது. அதன் வரலாறு செல்வதில்லை.

மின்னணு மருத்துவப் பதிவேட்டின் பயன் இங்கேதான் விளங்குகின்றது. ஆனால் எல்லா நோய்க்கும் பொதுவான மென்பொருள் இதற்குப் போதாது. மருத்துவர் விரும்பியதை எழுத ஒரு வெற்றிடம் தருவதாலோ, அளவுத்தாளைப் படமெடுத்து வைப்பதாலோ பயன் குறைவே. படத்தைக் கண் காணும். கணினி அதை எளிதில் ஒப்பிடாது. வலச் செவி, இடச் செவி, ஒலியின் அளவு, நாள் என்று ஒவ்வொன்றும் எண்ணாகவே பதிவாதல் வேண்டும். அப்போது வேற்றுமையைக் கணினியே கண்டு மருத்துவருக்கு உரைக்கும். ஒரு துறைக்கென்றே பதிவேடு அமைப்பது புதுமையன்று. ஐதராபாத்திலுள்ள எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம், கண்ணுக்கென்றே ‘ஐஸ்மார்ட்’ என்னும் மின்னணுப் பதிவேட்டை 2010ஆம் ஆண்டு முதல் கையாண்டு வருகின்றது. கண்ணுக்கு இயன்றது செவிக்கு இயலாதா?

ஏடுகளை இணைக்கவும் வழி பிறந்துள்ளது. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநெறிகளை இந்திய அரசு 2013இல் வகுத்து 2016இல் திருத்தியது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், விரும்புவோர் ‘ஆபா’ என்னும் 14 இலக்க எண்ணைப் பெறலாம். அவ்வெண்ணோடு இணைந்த பதிவுகளை, உரியவரின் இசைவு பெற்று மற்றொரு மருத்துவர் காணலாம்.

இசைவு என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செவி மங்கியவன் என்று முதலாளி அறிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவன் சோதனைக்கே வரமாட்டான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், அபாயகரமான தொழில்களில் உழைப்போரின் உடல்நலப் பதிவேட்டை ஆலை பேண வேண்டும் என்றும், தொழிலாளி அதனைக் காண இடமளிக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்நெறி மின்னணு ஏட்டுக்கும் பொருந்துவதே. இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பைத் தொழில்சார் நோயாகச் சட்டம் ஏற்றுள்ளது. எனவே அந்த எண்களே நாளை இழப்பீட்டுக்குச் சான்றாகவும் அமையலாம்.

ஏடு நோயைத் தீர்க்காது. எந்திரத்தின் ஓசையைக் குறைப்பதும், செவியடைப்பான் தருவதும் ஆலையின் கடமை. அக்கடமை தவறியதை உரிய காலத்தில் உணர்த்துவது ஏட்டின் கடமை. ஆகவே, வேலையில் சேரும் முதல் நாளிலேயே செவியை அளக்கச் செய்து, அந்த அளவின் பிரதியொன்றைத் தொழிலாளி கேட்டு வாங்கிக்கொள்வானாக. பின்வரும் ஆண்டுகளுக்கெல்லாம் அதுவே அளவுகோல்.