உங்களுக்குத் தெரியுமா? வெல்ல முடியாத ஒரு வீடியோ கேம்

பரமபதத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். விளையாட்டில் பக்தி நமக்குப் புதிதல்ல. வீடியோ கேமிலும் அது உண்டு.

அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த கிறிஸ்தவத் தம்பதி ரயான் கிரீன், ஏமி கிரீன். ஒரு வயதிலேயே மகன் ஜோயலுக்கு மூளையில் புற்றுநோய். சில மாதங்களே தாங்குவான் என்றார்கள் மருத்துவர்கள். அவனோ 2014 மார்ச் வரை, ஐந்து வயது கடந்து வாழ்ந்தான்.

அந்த நாட்களையே 'தட் டிராகன், கேன்சர்' என்ற கேமாக்கினார்கள் பெற்றோர். அவனது பிறந்தநாளான 2016 ஜனவரி 12 அன்று வெளியான அது, 2017-இல் பாஃப்டா விருது பெற்றது.

இதில் ஆடுபவர் நோயை வெல்ல முடியாது. மருத்துவமனை அறையில் அழும் பிள்ளையைத் தேற்றவும் வழி தெரியாது, தகப்பனோடு ஜெபிக்கலாம். நம் ஊரானாலும் கொலராடோவானாலும், பிள்ளையின் கட்டிலருகே பெற்றவர்கள் செய்வது அதைத்தானே!