மூன்றாங் கைக்கு வந்த மின்வண்டிகள்

யப்பான் நாட்டுத் தலைநகராகிய தோக்கியோவுக்குக் கிழக்கே, தோனே ஆறு பசிபிக் சமுத்திரத்தோடு கலக்கும் முகத்துவாரத்திலே சோஷி என்னும் பட்டினம் அமைந்துள்ளது. மீன்பிடித்தலும் சோயா அவரைச் சாறு வடித்தலும் அதன் பழந்தொழில்கள். அப்பட்டினத்திலிருந்து இனுபோ முனையின் வெளிச்சவீட்டை அணுகிச் சென்று, தொகாவா என்னும் மீனவர் துறையிலே முடிவுறுகின்றது ஒரு சிறு மின்வண்டிப் பாதை. (புகையில்லா வண்டியைப் புகையிரதம் என்றல் பொருந்தாதாகலின் ஈண்டு மின்வண்டி எனப்படுகின்றது.) பாதையின் நீளம் 6.4 கிலோமீற்றர், நிலையங்கள் பத்து. 1913 இல் இங்கு முதன்முதல் அமைந்த பாதை நட்டமுற்று, 1917 இல் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டு மறைந்தது. இன்றுள்ள பாதை 1923 இல் தொடங்கப்பெற்று 1925 இல் மின்மயமாயிற்று.

இத்துணைச் சிறிய கம்பனி புதுப் பெட்டிகளைச் செய்வித்தல் இயலாத காரியம். ஆகவே பிறர் ஓட்டிக் கழித்தவற்றை வாங்கி ஓட்டுதலே அதன் நெடுங்கால வழக்கமாயிற்று. அங்கே பேணப்பட்டு வரும் சிறு மின்சார எஞ்சின் 1922 இல் யேர்மனி நாட்டில் ஆக்கப்பட்டது. அதுவும் மேற்கு யப்பானின் ஊபே நகர நிலக்கரிச் சுரங்கமொன்றில் உழைத்த பின்னரே 1941 இல் சோஷியை வந்தடைந்தது.

பழைய பெட்டியை வாங்குதல் பழைய சைக்கிளை வாங்குதல் போன்றதன்று. யப்பானில் இருப்புப்பாதைகளின் அகலமும் மின்னழுத்தமும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். சோஷிப் பாதையின் அகலம் 1067 மில்லிமீற்றர். அழுத்தம் 600 உவோற்று நேரோட்டம். 1994 இல் அக்கம்பனி தோக்கியோவின் சுரங்க இரயில்வேயிலிருந்து இரு பெட்டிகளைப் பெற்றது. அவை ஓடிய பாதையில் அழுத்தம் 600 உவோற்றேயாயினும், அகலம் 1435 மில்லிமீற்றர். மின்சாரமோ தண்டவாளத்தின் அருகே கிடக்கும் மூன்றாந் தண்டவாளத்திலிருந்து எடுக்கப்பட்டது. எனவே சில்லுத் தொகுதிகளை முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. மேற்கம்பியைத் தொட்டு மின்னெடுக்கும் சட்டகத்தைக் கூரைமேல் ஏற்ற வேண்டியதாயிற்று. பெட்டியொன்றே தனித்து இருதிசையும் ஓடவேண்டியிருந்தமையால், மறுமுனையிலும் சாரதிக்கு அறை அமைக்கப்பட்டது. இங்ஙனம் திருத்தப்பட்ட பெட்டி பாதி பழையது, பாதி புதியது எனலாம். திருத்தச் செலவும் அதற்கேற்பவே வளரும்.

இவ்விடத்தேதான் மூன்றாங் கையின் சிறப்புத் தோன்றுகின்றது. 2010 இல் சோஷியில் ஓடத்தொடங்கிய பெட்டிகள், 1959 முதல் 1962 வரை தோக்கியோவின் கெய்யோ கம்பனிக்காக ஆக்கப்பட்டவை. கெய்யோவின் முதன்மைப் பாதையின் அகலமோ 1372 மில்லிமீற்றர் என்னும் விசித்திர அளவு. தோக்கியோவில் குதிரைகள் இழுத்த திராம் வண்டிகளுக்கென 1882 இல் வகுத்த அளவு அது. நகரத் திராம்வேயின் வழியாகக் கெய்யோவுக்கும் வந்தது. குதிரைகள் போயின, அளவு நிலைத்தது. இப்பெட்டிகளை 1980 களின் நடுவில் சிக்கோக்குத் தீவிலுள்ள மத்சுயாமா நகரத்து இயோ கம்பனி வாங்கி, 1067 மில்லிமீற்றர் அகலத்துக்கும் தன் தாழ்ந்த அழுத்தத்துக்கும் ஏற்ப மாற்றியது. கால் நூற்றாண்டு கழித்து இயோ கம்பனி கெய்யோவிடமிருந்தே சற்றுப் புதிய பெட்டிகளைப் பெற்றபோது, முன்னையவை சோஷிக்கு விலையாயின. பெரும் மாற்றங்களின் செலவை இடைநின்ற கம்பனி முன்னரே ஏற்றுவிட்டமையால், வறிய கம்பனிக்கு இரண்டாங் கையினும் மூன்றாங் கையே நயமாயிற்று. இவற்றுட் சில நடுப்பெட்டிகளாய்ப் பிறந்தவை. மத்சுயாமாவிலே முகம் வெட்டிச் சாரதியறை பொருத்தப்பட்டவை. ஆகையால் வண்டியின் ஒரு முனை கெய்யோவின் சரிந்த அழகிய முகத்தோடும், மறுமுனை தட்டையான முகத்தோடும் விளங்கியது.

ஆயினும் பெட்டியின் விலையினும் பெருஞ்சுமை சட்டம் விதித்த காலாந்தரப் பரிசோதனையேயாகும். பெட்டியைக் கழற்றிச் சோதிக்காது குறித்த காலத்துக்குமேல் ஓட்டல் ஆகாது. முன்னாள் தலைவரொருவர் கம்பனியின் பெயரால் கடன்பெற்றுக் கையாடியமையால் நிலை தளர்ந்திருந்த கம்பனி, 2006 இல் அப்பரிசோதனைக்குப் பணமின்றித் தத்தளித்தது. சோயாச் சாற்றில் தோய்த்த அரிசிப் பணியாரமொன்றை அது 1995 முதலே விற்று வந்தது. வண்டி திருத்தப் பணம் வேண்டும், பணியாரத்தை வாங்குங்கள் என்று ஊழியர்கள் இணையத்தளத்தில் வெளிப்படையாக வேண்டினர். நாடெங்கிலுமிருந்து கட்டளைகள் குவிந்தன, பரிசோதனை நடந்தது, பாதை பிழைத்தது. கம்பனியின் வருவாயில் வண்டிக் கட்டணத்தினும் பணியார விற்பனையே பெரும்பகுதியாயிற்று. இதனை நகைப்புக்குரியதென்று சிலர் கருதக்கூடும். பயணிகள் குறைந்த ஊரில் கட்டணத்தை மட்டும் நம்பியிருந்தால் பாதை என்றோ மறைந்திருக்கும்.

2014 சனவரியில் மத்சுயாமாவிலிருந்து வந்த வண்டித் தொகுதிகளுள் ஒன்று தடம்புரண்டு பழுதுற்றது. திருத்தப் பணமில்லாது அது ஓராண்டுக்கு மேல் கிடக்க, சோஷி வணிக உயர்நிலைப் பாடசாலை மாணவர் பொதுமக்களிடம் நிதிதிரட்டி உதவினர். 2015 ஏப்பிரிலில் அது மீண்டும் ஓடியது.

2016 இல் மற்றொரு தொகுதி அதே கெய்யோ, இயோ வழியாக வந்து சேர்ந்தது. ஆயினும் பெருங் கம்பனிகளின் பிற்காலப் பெட்டிகள் பெரும்பாலும் இருபது மீற்றர் நீளமும் பக்கத்துக்கு நான்கு கதவுகளுமுடையவை. ஒடுங்கிய சிறு பாதைக்கு அவை உதவா. உதவுவனவோ நாட்செல்ல அரியனவாகின்றன. 2024 மார்ச்சில் சோஷியில் ஓடத்தொடங்கியவை ஒசாக்காவின் நன்காய் கம்பனியிலிருந்து வந்தன. கோயா மலையின் கடுஞ்சரிவும் வளைவும் கருதி 1969 முதல் ஆக்கப்பட்ட, பதினேழு மீற்றர் நீளமும் பக்கத்துக்கு இரு கதவுகளுமுடைய பெட்டிகள் அவை. பாதையின் அகலம் ஒத்திருந்தது. நன்காயின் 1500 உவோற்றே சோஷிக்கு ஒவ்வாதது. ஆனால் நன்காய் பாதைகளும் 1973 வரை 600 உவோற்றிலேயே இயங்கின. ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்பெட்டிகள் தாம் பிறந்த காலத்து அழுத்தத்துக்கே திருத்தப்பட்டுச் சோஷிக் கடற்கரையில் ஓடலாயின.