வீட்டு வரி அதிகமா வந்திருக்கா? முதல்ல டேப்பை எடுங்க!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், வீட்டு மாடிகளிலும் 'ரூம் வாடகைக்கு' போர்டு தொங்க ஆரம்பிக்கும். சீசன் முடியும்வரை கையில் கொஞ்சம் காசு புரளும். ஆனால், அதே போர்டு வீட்டு வரியையும் மாற்றக்கூடும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

20 சதுர அடி செய்யும் வேலை

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியை உயர்த்தியது. சென்னைக்குத் தனிக் கணக்கு. மற்ற நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவிகிதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 சதவிகித உயர்வு. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவிகிதம். தென்காசி நகராட்சிக்கும் குற்றாலம் பேரூராட்சிக்கும் இதே கணக்குதான்.

ஓர் உதாரணம். அரையாண்டுக்கு 1,000 ரூபாய் வரி கட்டிய வீடு 1,190 சதுர அடி என்றால், புதிய வரி 1,500 ரூபாய். அதையே 1,210 என்று தவறாகக் குறித்திருந்தால் 1,750. அடுத்தடுத்த உயர்வுகளும் இந்தத் தொகையின் மேல்தான் ஏறும். ஒருமுறை விழுந்த தவறு, வருடா வருடம் வளரும்.

எதைச் சரிபார்க்க வேண்டும்?

அளவு: அறைக்குள் மட்டும் அளந்தால் குறைவாகத்தான் வரும். வெளிச்சுவரையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

பயன்பாடு: மாடியில் மட்டும் விடுதி நடத்தினால், கீழே நீங்கள் குடியிருக்கும் பகுதியும் வணிகக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் பிரித்துக் கணக்கிடக் கேளுங்கள். கடையை மூடி வீடாக மாற்றியிருந்தால், அதையும் எழுதிக் கொடுங்கள்.

மண்டலம்: தெருவைப் பொறுத்து சதுர அடிக்கான அடிப்படை மதிப்பு மாறும். தென்காசியில் கடைத்தெருவுக்கும் உள்ளே ஒதுங்கிய சந்துக்கும் ஒரே மதிப்பு இருக்காது. உங்கள் தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்கலாம்.

யாரிடம் முறையிடுவது?

தென்காசியில் நகராட்சி ஆணையர். குற்றாலத்தில் பேரூராட்சி செயல் அலுவலர். வரி வசூலிக்க வருபவரிடம் வாசலில் நின்று சண்டை போடுவதால் கணக்கு மாறாது. அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் மனு கொடுங்கள். வரி ரசீது, பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஆகியவற்றின் நகலை இணைத்து, மறு அளவீடு கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். மேல்முறையீட்டுக்குப் போனால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

இரண்டு எச்சரிக்கைகள். 'சதவிகிதமே அதிகம்' என்று தனி மனு போட்டால் பலன் இருக்காது. அது அரசும் மன்றமும் முடிவு செய்வது. அடுத்தது, அளக்க வருபவர் கண்ணில் கணக்கில் வராத மாடி அறையும் படும். அப்போது வரி கூடவும் செய்யலாம்!

கணக்கு சரி என்றால், ஏப்ரலிலோ அக்டோபரிலோ அந்த மாதத்துக்குள்ளேயே வரியைக் கட்டிவிடுங்கள். 5 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. கணக்கு தவறு என்றால், இன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள்.