சுபிக்‌ஷாவை ஓட வைத்த கணக்கு

கரையான்சாவடியில் ஒரு மளிகைக் கடைக்குச் சோப்பும் பிஸ்கட்டும் ஏஜென்சி வண்டியில் வந்து இறங்கும். பணம் பெரும்பாலும் அடுத்த முறை வண்டி வரும்போதுதான். ஏஜென்சிக்காரரின் லாபமும் அந்தக் கடன் நாட்களுக்கான வட்டியும் சரக்கு விலையிலேயே சேர்ந்திருக்கும். இரண்டையும் கழித்தால் பொருள் எவ்வளவு மலிவாகும்? 1997-ல் சென்னை திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்த மலிவு விலைக் கடைச் சங்கிலியான சுபிக்‌ஷா இந்தக் கேள்விக்கான விடையை நம்பித்தான் இறங்கியது.

நிறுவனர் ஆர். சுப்பிரமணியன், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். ஏ.சி. இல்லாத சின்னக் கடை, கம்பெனிகளிடம் நேரடியாக மொத்தக் கொள்முதல், அதற்குக் கையோடு பணம். மருந்துக்குக்கூடத் தள்ளுபடி. மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

விலையைக் குறைத்தும் கடை எப்படி நிற்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ரூபாய் சரக்கில் செலவு போக 3 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். சரக்கு 15 நாளில் தீர்ந்தால் அதே 100 ரூபாய் வருடத்தில் 24 முறை சுற்றி 72 ரூபாய் தரும். இரண்டு மாதம் தேங்கினால் 18 ரூபாய்தான்.

2006 வாக்கில் சுமார் 150 கடைகள், 2008-ல் 1,600. அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் அந்த ஆண்டு 10 சதவீதப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆனால் ஒவ்வொரு புதுக் கடையும் அட்வான்ஸ், ரேக், கம்ப்யூட்டர் என்று பணத்தை விழுங்கும். சுற்ற வேண்டிய பணம் சுவரில் முடங்கியது, மீதிக்குக் கடன். உலக நிதி நெருக்கடியில் புதுக் கடனும் வரவில்லை.

கையில் பணமில்லாவிட்டால் இந்த வகைக் கடை மெல்லத் தேயாது, மடமடவென்று சரியும். பருப்பு, எண்ணெய் போல வேகமாக விற்பவைதான் முதலில் தீரும். ரேக்கில் மிஞ்சுவது நகராத சரக்கு. பருப்பு கிடைக்காதவர் ஷாம்பூவும் வாங்காமல் திரும்பிவிடுவார். வரவு இன்னும் குறையும். 2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். எனக்கு ஆறாத பகுதி அதுதான். பின்னாளில், 2023-ல், அவருடைய விஸ்வப்ரியா நிதி நிறுவனம் தொடர்பான தனி வழக்கில் சுப்பிரமணியனுக்குச் சென்னை சிறப்பு நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

கடைகள் சரிந்ததற்கு நிதி நெருக்கடியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2002-ல் மும்பையில் தொடங்கிய டி-மார்ட்டும் சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலை குறைக்கும் இதே வழியில் வந்ததுதான். ஆனால் அது பெரும்பாலும் சொந்தக் கட்டடம், நிதானமாக ஒவ்வொரு கடையாகத் திறப்பது என்று போனது. அந்த நெருக்கடியையும் தாண்டி, 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தது.