மலை மேய்ச்சற் பாலும் குடும்பப் பாலாடைக்கட்டித் தொழிலும்

கறந்த பால் காத்திராது என்பதைக் கறவை வைத்திருக்கும் ஒவ்வொரு குடியானவரும் அறிவர். விற்பனைக்கு வழியில்லாத இடத்தில் பால் மிகுந்தால், அதனை எளிதிற் கெடாத பண்டமாக மாற்றுவதொன்றே உபாயமாகும். நம் வீடுகளில் நெய் செய்யும் இவ்வேலையை ஆல்ப்ஸ் மலைநாட்டில் சீஸ் என்னும் பாலாடைக்கட்டி செய்து வருகிறது. தமிழ்ப் பெயரில் ஆடை இருப்பினும், இது பாலேட்டினால் ஆவதன்று. பாலைத் திரித்து, நீரை வடித்து, அழுத்திப் பக்குவப்படுத்தும் பண்டமே.

இத்தொழிலைப் பெரிய ஆலைகள் கைக்கொண்டுவிட்ட இக்காலத்திலும், குடும்பம் குடும்பமாகவே அதனை நடத்தி வருவோர் உளர். ஸ்விட்ஸர்லாந்தில் வோ மாகாணத்திலுள்ள லெத்திவா என்னும் மலைக்கிராமத்தைச் சார்ந்த சுமார் 70 குடும்பத்தார் இதற்கு நல்ல உதாரணம். அவர்கள் செய்யும் கட்டிக்கும் அக்கிராமத்தின் பெயரே வழங்குகிறது. பனி உருகிப் புல் தழைக்கும் பருவத்தில் இவர்கள் பசுக்களை ஓட்டிக்கொண்டு மலையேறி, 3,300 அடி முதல் 6,600 அடி வரை உயரமுள்ள மேய்ச்சற் புலங்களில் மரக்குடில்களில் தங்குவர். புல் வளர வளர மந்தையும் மேலுள்ள புலங்களுக்கு நகரும். கோடை கழியக் கழியக் கீழே இறங்கும்.

மாலைப் பாலை அகன்ற தொட்டிகளில் இரவு முழுதும் குளிர வைத்து, மேலே படியும் ஏட்டிற் சிறிது எடுத்துவிட்டுக் காலைப் பாலுடன் செப்புக் கொப்பரையில் ஊற்றுவர். பால் முன்னதாகக் காய்ச்சப்படுவதில்லை. கொப்பரை ஒரு சுழல் மரக்கையில் தொங்குவதால், வேண்டும்போது விறகுத் தீயின் மேல் கொணரவும், சூடு போதுமென்றதும் அப்பால் தள்ளவும் இயலும். பால் சுமார் 32 டிகிரி சென்டிகிரேட் வெதுவெதுப்பை அடைந்ததும், முன்னாள் வடித்த தெளிநீரைப் புளிக்க வைத்து அதனையே உறையாக ஊற்றுவர். பின்பு கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பர். (இவ்விஷயம் நம் வாசகர் பலருக்கு உவப்பாயிராது, ஆயினும் உள்ளதைச் சொல்லுதலே முறை.) அரை மணிக்குச் சற்றேறக்குறைய பால் திரண்டு நிற்கும். அதனைக் கம்பி பூட்டிய சட்டத்தால் கோதுமை மணியளவாக வெட்டி, 57 டிகிரி வரை சூடேற்றிக் கிளறுவர். மணிகள் நீரைக் கக்கி இறுகியபின் துணியால் வாரியெடுத்து வளையத்தில் இட்டு, மறுநாள் வரை பாரத்தின்கீழ் பலமுறை திருப்பி அழுத்துவர். ஒரு கிலோ கட்டிக்கு 10 முதல் 12 லிட்டர் பால் செல்லும். 35 கிலோ எடையுள்ள பெரிய வட்டு ஒன்றில் ஏறத்தாழ 400 லிட்டர் பால் அடங்கியிருக்கிறது.

இனி, இத்தொழிலில் எவ்விடத்தில் நஷ்டம் நேரும் என்பதைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். செய்முறையை எவரும் கற்கலாம், கேடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிதலே அரிது. குழியிலிட்டுப் புளிக்கவைத்த சைலேஜ் என்னும் பசுந்தீவனம் கறவைக்கு நல்லுணவே. நமது இலாகா அதனை ஆதரித்தே வருகிறது. ஆனால் சரியாகப் பதனமாகாத சைலேஜில் ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள் பெருகும். அவை பசுவின் வயிற்றில் அழியாமல் சாணத்தில் வெளிப்பட்டு, மடியிலும் காம்பிலும் ஒட்டிப் பாலில் விழும். 57 டிகிரி சூடு அவற்றை ஒன்றும் செய்வதில்லை. கட்டி பார்வைக்குக் குறைவின்றி அறையில் ஏறிவிடும். வாரங்களும் மாதங்களும் சென்றபின் உள்ளே வாயு உண்டாகி, வட்டு உப்பி வெடித்து, நாற்றமும் கொள்ளும். ஒருநாட் பாலில் விழுந்த அழுக்கின் கணக்கு இங்ஙனம் பல மாதம் கழித்தே தீர்க்கப்படுகிறது. அதற்குள் பல நாள் உழைப்பு அதே அறையில் அடுக்கப்பட்டிருக்கும். ஆகவேதான் லெத்திவா விதிகளில் சைலேஜ் அறவே விலக்கப்பட்டுள்ளது. மலைப்புல்லே மந்தையின் உணவு. கட்டியின் மஞ்சள் நிறமும் பசும்புல்லிலுள்ள கரோட்டின் தருவதே. உலர்புல் தின்ற பசுவின் பாலில் அந்நிறம் குன்றும்.

காய்ச்சாத பாலைக் கையாளுவதால் மந்தையின் ஆரோக்கியத்திலும், கறப்போர் கையின் சுத்தத்திலும் அணுவளவும் தளர்ச்சி கூடாது. மடிநோய் கண்ட பசுவின் பாலைக் கொப்பரையில் சேர்ப்பவன் அன்றைய வட்டை முழுதும் பணயம் வைக்கிறான்.

இவ்வளவு செய்தும், தனிக் குடும்பத்திற்கு ஒரு பெரும் இடர் உண்டு. புதிய வட்டு உடனே பணமாவதில்லை. குறைந்தது 5 மாதமேனும் குளிர்ந்த ஈர அறையில் பலகை மேல் இருத்தி, உப்பு நீரால் துடைத்துத் திருப்ப வேண்டும். மலைக்குடிலில் இதற்கு இடமுமில்லை, ஆளுமில்லை. 1932ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டதும், 1934இல் கிராமத்தில் பொது நிலவறை எழுப்பியதும் இக்குறையைத் தீர்க்கவே. புதிய வட்டுகளைக் குடில்களிலிருந்து அங்குக் கொணர்ந்து ஒப்படைக்கின்றனர். அவற்றைச் சிறு சுத்தியால் தட்டி, எழும் ஓசையினால் உள்ளிருக்கும் வெடிப்பைக் கண்டறியும் பழக்கமும் உண்டு. செய்வது தனித்தனியே, பக்குவப்படுத்துவதும் விற்பதும் ஒன்றாகவே என்னும் இவ்வேற்பாடே, என் கருத்தில், இக்குடும்பங்களை நிலைநிறுத்தியது. மலைப்புல்லின் சிறப்பு மட்டும் போதியிராது.

2000ஆம் ஆண்டில் இக்கட்டியின் பெயருக்கு ஸ்விஸ் அரசாங்கத்தின் உற்பத்தியிடப் பாதுகாப்பு கிடைத்தது. திராட்சை மதுவல்லாத பண்டங்களில் அந்நாட்டில் அதனை முதலில் பெற்றது இதுவே. அதன்படி மே 10 முதல் அக்டோபர் 10 வரை, மலையிலேயே, விறகுத் தீயில் செய்யப்படும் கட்டிக்கு மட்டுமே அப்பெயர் உரியது. அக்டோபர் 11ஆம் நாள் அதே குடும்பத்தார், அதே பசுக்களின் பாலைக்கொண்டு, அதே கொப்பரையில் செய்தாலும் லெத்திவா என்று முத்திரையிட அனுமதியில்லை.